ஏழாம் படுக்கைக்கான பாட்டில்

அவித்த முட்டைகளை ஓடு நீக்கி, நூலால் அறுத்து, மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் தராசில் வைத்தாள். அறுபத்தாறு கிராம் காட்டியது. கத்தி நுனியால் ஒரு கீற்றைச் சீவினாள். அறுபத்தைந்தில் நின்றது. பால், சர்க்கரை, எண்ணெய், வறுத்த அரிசி மாவு எல்லாம் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் மூன்று தடவை வடிகட்டினாள். மூன்றாம் தடவை துணியில் ஒன்றும் நிற்கவில்லை. இருந்தும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பாட்டிலில் ஊற்றி மூடி, படுக்கை எண் எழுதிய சீட்டை ஒட்டினாள்.

பிழைத்துக்கொள்ள யாரும் அந்த ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. வலியைக் குறைத்து, உடம்பைச் சுத்தமாக வைத்து, வழியனுப்புகிற இடம் அது. விழுங்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு ஊற்றுவார்கள். அந்த உணவைச் செய்வதுதான் இவள் வேலை. புருஷன் இன்னொருத்தியோடு ஓடிப்போனபோது பாத்திரம் தேய்க்க வந்தவள், தராசையும் அளவுச் சீட்டையும் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். பதினாறு வருஷத்தில் அவள் கை உணவு ஒரு குழாயைக்கூட அடைத்ததில்லை. சமையலறையில் அவளுக்குக் 'கிராம்' என்று பெயர். "கிராமுக்கு வணக்கம் சொல்லிப் பாரு, எடை போட்டுத்தான் திருப்பிச் சொல்லும்" என்று சிரிப்பார்கள். "உன்கிட்ட பேசுறது பரீட்சை எழுதுற மாதிரி இருக்கும்மா" என்று பெற்ற மகனே தள்ளிப் போய்விட்டான்.

அன்றைக்குப் பாட்டில் கொண்டுபோகிற ஆள் லீவு. அவளே எடுத்துப் போனாள்.

ஏழாம் படுக்கையில் இருந்தவர் பழைய பஸ் கண்டக்டர். உணவுக்குழாயில் கட்டி. எச்சில்கூட இறங்காது. ஆனால் பேச்சு ஓயவில்லை.

"சாப்பாடு வந்தாச்சா? ஏறுங்க, ஏறுங்க, உள்ள நிறைய இடமிருக்கு" என்று பாட்டிலை வரவேற்றார். பிறகு அவளைப் பார்த்தார். "நர்ஸம்மாவைக் கேட்டா 'ஃபீடு'ங்கறாங்க. கோழித் தீவனத்துக்கும் அதே பேருதான். இதுல என்னம்மா போடுற?"

"பால், சர்க்கரை, எண்ணெய், அரிசி மாவுங்க ஐயா." அவர் நெற்றி நாமத்தைப் பார்த்து முட்டையைச் சொல்லாமல் விட்டாள்.

"அவ்வளவுதானா?"

நர்ஸ் ஊற்ற ஆரம்பித்திருந்தாள். வெள்ளையாக ஒரு கோடு குழாய்க்குள் அவர் மூக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. குழாய் ஓடும்போது நோயாளியைக் கலவரப்படுத்தக் கூடாது.

"அவ்வளவுதான்" என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. "என் பொண்ணுக்கு மூணு வயசுல மூளைக்காய்ச்சல். 'பெருமாளே, இவளைக் குடு, இனிமே உயிருன்னு ஒண்ணு, முட்டைகூட, எனக்குள்ள போகாது'ன்னு சத்தியம் பண்ணேன். குடுத்துட்டான். முப்பத்தினாலு வருஷமாச்சு. மந்திரம், பூஜை ஒண்ணும் எனக்குத் தெரியாது. போற இடத்துல எடுத்துக் காட்ட எங்கிட்ட இருக்கறது இந்த ஒரு வாக்குதான். இத்தனை நாளா நாக்கு காவலுக்கு இருந்துச்சு. இப்ப எல்லாமே மூக்கு வழியாப் போகுது, அதுக்கு ஒண்ணும் தெரியறதில்ல. இனி நீதாம்மா என் நாக்கு."

காலி பாட்டிலோடு வெளியே வந்தவள், நடையில் உட்கார்ந்திருந்த அவர் மகளிடம் நேராகப் போனாள். பிழைத்த அதே மகள். படுக்கைக்குக் கீழே பாய் போட்டுத் தூங்குகிறவள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் மகள், முழுதாகக் கேட்கும் முன்னாலேயே. "முட்டை போடலாம்னு எழுதிக் குடுத்ததே நான்தான். சத்து இறங்கினாத்தான் இன்னும் பத்து நாள் தாங்குவாரு."

"ஐயா உங்களுக்காகத்தானே..."

"எனக்காகப் பண்ணின சத்தியம்தானே? நானே விட்டுக் குடுத்துட்டேன், போதுமா? எனக்கு அப்பா வேணும். அவர் காதுல இது விழுந்துச்சு, உங்களைச் சும்மா விடமாட்டேன்."

மறுநாள் கிராம் யாரையும் கேட்கவில்லை. முட்டைக்குப் பதில் பருப்பை வேகவைத்து மசித்து, நான்கு தடவை வடிகட்டினாள். மூன்று பாட்டில் ஒழுங்காக இறங்கியது. பருப்பு ஆற ஆற இறுகும் என்பது அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரியும். ஒளித்துச் செய்த பதற்றத்தில் நான்காவது பாட்டிலுக்குத் தண்ணீர் குறைந்துவிட்டது. குழாய் அடைத்தது. வெந்நீர் விட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. உருவி எடுத்துப் புதிதாக ஒன்றைச் செருகினார்கள். கட்டியில் இடித்து ரத்தம் வந்தது. அவர் போட்ட சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

காலையில் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். குரல் கம்மிப் போயிருந்தது.

"உருவிப் போட்ட குழாயைப் பார்த்தேன். மஞ்சளா நின்னுச்சு. ஒன்பது நாளும் வெள்ளையா ஓடினது, நான் உன்னைக் கேட்ட மறுநாள் மஞ்சளாயிருக்கு. டிக்கெட் வாங்காதவன் மூஞ்சியை முப்பது வருஷம் பார்த்தவன்மா நான். அந்த வெள்ளை என்ன?"

பால் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மையும்கூட. ஒரு தடவை சொன்ன பொய்யே இரண்டு நாளாக அவள் தொண்டையில் நின்றது. இரண்டாவதற்கு அங்கே இடமில்லை.

"முட்டைங்க ஐயா. வெள்ளைக்கரு."

"எத்தனை?"

ஏதோ கொஞ்சம் என்று சொல்லத் தெரியாதவள். ஒன்பது நாள், நாளைக்கு நாலு பாட்டில், பாட்டிலுக்கு இரண்டு. மனசுக்குள் பெருக்கினாள்.

"எழுபத்திரண்டு."

அவர் கோபப்படவில்லை. "கொலைகாரன்கூட ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்குவான்" என்றார். அடுத்த நொடி குழாயைப் பிடித்து இழுத்துவிட்டார்.

மூன்றாம் குழாயை நாலு பேர் பிடித்துக்கொண்டு போட்டார்கள். திரும்ப இழுக்காமலிருக்க இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். நெஞ்சுக்கு நேரே கும்பிட முயன்ற கைகள், கட்டு இழுத்ததும் பாதியில் நின்றன.

மகள் சமையலறை வாசலுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "சொல்லிட்டீங்கல்ல? உண்மை பேசிப் புண்ணியம் சேத்துக்கிட்டீங்க. அப்பா என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கறாரு. பக்கத்துல போனா கண்ணை மூடிக்கறாரு. சரி, இனி ஒளிக்க என்ன இருக்கு? பழையபடி முட்டையே போடுங்க. இருந்தாத்தானே என்னைக்காவது கண்ணைத் திறப்பாரு?"

அளவுச் சீட்டு எழுதுகிற அம்மா கிராமைத் தனியே அழைத்தாள். பருப்பு விஷயத்துக்குத் திட்டி முடித்தபின், "உன்னால முடியலன்னா சொல்லு. புதுசா வந்தவ செய்யட்டும்" என்றாள்.

கிராம் திரும்பிப் பார்த்தாள். புதியவள் அடுப்போரம் யாருக்கோ உணவு வடிகட்டிக்கொண்டிருந்தாள். ஒரே தடவைதான் வடித்தாள், அதிலும் துணியை முறுக்கிப் பிழிந்தாள். பிழிந்தால் திப்பியும் சேர்ந்து வரும். திப்பி வந்தால் குழாய் அடைக்கும். அடைத்தால் நான்காம் குழாய், நாலு பேர் பிடித்துக்கொண்டு.

"நானே செய்றேம்மா" என்றாள்.

முட்டையை அறுத்தாள். நிறுத்தாள். அரைத்தாள். மூன்று தடவை போதும் என்கிற இடத்தில் ஐந்து தடவை வடிகட்டினாள். பாட்டிலைப் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டு வார்டுக்கு எடுத்துப் போனாள்.

கண்டக்டர் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் சத்தமில்லாமல் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. நர்ஸ் திரும்பாமலே கையை நீட்டினாள்.

"நல்லா இறங்குமா?"

"இறங்கும்" என்று சொல்லிப் பாட்டிலைக் கொடுத்தாள்.