இல்லாத கட்டுரையிலிருந்து பெருமாள் என்னைக் காப்பாற்றினார்

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தூத்துக்குடியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகிற பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எங்கள் வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். யாரும் சாகவில்லை. என் பிஎச்.டி.தான் செத்துப்போயிருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்ல? குடித்துவிட்டு மேலும் அழுதேன்.

பெருமாளை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் கோபமாகத்தான் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்து மருமகள். தூத்துக்குடியில் ஒரு தனியார் கல்லூரியில் பொது நிர்வாகம் பாடம் நடத்துகிறேன். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் முனைவர் பட்டம் இல்லையென்றால் வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பல்கலைக்கழகமும் என் பதிவைக் கடைசி முறையாக நீட்டித்திருந்தது. இனி நீட்டிக்க மாட்டார்கள். பட்டம் போனால் வேலையும் போகும்.

உப்பளங்களில் சோலார் பம்பு வைக்க அரசு கொடுக்கும் மானியம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. வெயிலுக்கு இங்கே பஞ்சமா? பருவநிலை மாறுகிறது, டீசலை விடுங்கள் என்று சொல்லி பேனலைக் கொண்டுவந்து நட்டார்கள். கடல்காற்று அதன் மேல் உப்பைப் பூசிவிட்டுப் போகிறது. நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பளத்தில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? யார் கழுவ வேண்டும் என்று எந்த அலுவலகத்திலும் பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாமையைத்தான் நான் வருஷக்கணக்காகப் பாத்தி வரப்பில் நடந்து, கால் வெடித்து எழுதினேன்.

என் கைடைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற பேராசிரியரைத்தான் கைடு என்போம். இவர் எனக்குக் காட்டிய ஒரே வழி, அவர் வீட்டுக்கு விரால் மீன் வாங்கிப் போகிற வழி. பருவநிலை, பசுமை மின்சாரம், கடலோர ஆட்சி என்று மேடை மேடையாகப் பேசுவார். உப்பளத்தை அவர் பார்த்ததெல்லாம் ஏசி கார் கண்ணாடி வழியாக.

இந்தப் பேராசிரியர்கள் உலகத்தில் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டினால் அதற்கு சைட்டேஷன் என்று பெயர். எத்தனை பேர் காட்டினார்கள் என்பதை வைத்துத்தான் பதவி உயர்வு, விருது, பொன்னாடை எல்லாம். இந்தப் புண்ணியவான்கள் அதை மொய்யாக மாற்றிவிட்டார்கள். நீ எனக்கு வை, நான் உனக்கு வைக்கிறேன். அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். கைடு என்னையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார். ஒருவர் தன் கட்டுரையின் தலைப்பைப் போடுவார். கட்டைவிரல்கள் வரிசையாக எழும்பும். அடுத்த மாதம் எல்லோர் கட்டுரையிலும் அந்தத் தலைப்பு உட்கார்ந்திருக்கும். படித்தீர்களா என்று கேட்பது அங்கே அநாகரிகம்.

அப்படித்தான் என் கைடு ஒரு தலைப்பைப் போட்டார். உப்பள சோலார் பம்பும் உள்ளூர் நிர்வாகமும் என்று. என் விஷயம்தான், என்னிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டார். எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். நானும் என் ஆய்வேட்டில் அதைச் சேர்க்க வேண்டும் என்றார். சரி, படித்துவிட்டுச் சேர்ப்போம் என்று தேடினேன். எந்த ஆய்விதழிலும் இல்லை. அவரிடமே போய்க் கேட்டேன்.

"சார், அந்தப் பேப்பர் எங்கயும் கிடைக்கல. ஒரு காப்பி தாங்களேன்."

"காப்பி எதுக்கும்மா? தலைப்பு இருக்குல்லா, போடு."

"உள்ள என்ன சொல்லியிருக்கீங்கன்னு தெரியாம எப்படி சார் போட?"

"ஊரே போடுது. ஒனக்கு மட்டும் என்ன?" என்றவர், என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார். "வாரா வாரம் கோயிலுக்குப் போறேல்லா? பார்க்காத சாமியக் கும்பிடுத. பார்க்காத பேப்பர ஒரு வரி போட மட்டும் கை வலிக்குதோ?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த மனுஷன் அந்தக் கட்டுரையை எழுதவே இல்லை. தலைப்பைப் போட்டவர் எழுத மறந்துவிட்டார். கல்யாணமே நடக்காத வீட்டில் மொய் மட்டும் குவிந்துகொண்டிருக்கிறது. போட மாட்டேன் என்றேன். அப்படியானால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கைடு கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு வாசலைத் தாண்டாது. அன்றைக்குத்தான் பஸ்ஸில் அழுதேன்.

கூட ஆராய்ச்சி செய்கிற முத்துலட்சுமி போன் பண்ணினாள். அவளும் அதே கைடிடம்தான் படிக்கிறாள். "ஏளா, ஒரு வரிதான? போட்டுட்டுப் போயேன். நான்லாம் போட்டுட்டேன்."

"என்னன்னு போட்ட?"

"பேனல் வச்சா செலவு கொறையும்னு சார் சொல்லியிருக்காருன்னு போட்டேன். கொறையும்லா?"

"கொறையாதுளா. நான் போய்ப் பாத்தேன்."

"அட, அத யாரு கேக்கா!" என்று சிரித்தாள்.

வீட்டில் என் கணவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். "சோத்தத் தின்னு மொதல்ல. அந்த மூதி கெடக்கான்." எனக்குச் சோறு இறங்கவில்லை. சேர்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஒரே ஒரு வரி. வேலை நிற்கும். ஆனால் எதைக் கண்ணால் பார்த்தேனோ அதற்கு எதிராக, இல்லாத ஒன்றைச் சாட்சியாக நிறுத்த வேண்டும். அதற்கு மனசு வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். கைடு சொன்ன வார்த்தை மனதில் முள்ளாகக் கிடந்தது. பார்க்காத சாமியாமே! பட்டர் தீபத்தைத் தூக்கிக் காட்டினார். ஆதிசேஷன் குடைபிடிக்க, நின்ற திருக்கோலத்தில் வைகுண்டநாதர். பாதம், இடுப்பு, மார்பு, முகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யாருடா பார்க்கவில்லை என்றது? வாரா வாரம் கண் நிறைய சேவித்துவிட்டுத்தானே கும்பிடுகிறேன்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அங்கேயே நின்று சண்டை போட்டேன். "பெருமாளே, பொய் எழுதாமல் எனக்குப் பட்டம் கொடு. இல்லையென்றால் வேலை போனாலும் நிமிர்ந்து நிற்கிற தைரியம் கொடு. அந்த ஆளை நாசமாக்கு." மூன்றும் கேட்டேன். மறைக்க மாட்டேன்.

ஆவணியும் புரட்டாசியும் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசியில் கைடே ஆய்வுக் குழுவைக் கூட்டினார். ஆய்வுச் சுருக்கத்தை அந்தக் குழு முன்னால் வைக்க வேண்டும். எல்லோர் முன்னிலும் என்னை மட்டம் தட்டித் திருப்பி அனுப்பத்தான் ஏற்பாடு. குழுவுக்கு வழக்கமாக வருகிற வெளியூர்ப் பேராசிரியரும் அந்த வாட்ஸ்அப் குரூப் ஆள்தான். ஆனால் அன்று அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்துவிட்டார்கள். அவருக்குப் பதிலாக மதுரையிலிருந்து ஒரு மேடம் வந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே இல்லை. இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

நான் பேசி முடித்தேன். மேடம் என் மேற்கோள் பக்கங்களைப் புரட்டினார். "முக்கியமான ஒரு பேப்பர் இல்லையேம்மா. உங்க கைடு எழுதினதே. எல்லாரும் சைட் பண்ணியிருக்காங்க."

கைடுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். கேக்க மாட்டேங்கா."

"ஏம்மா போடலை?" என்று மேடம் என்னைப் பார்த்தார்.

ஏதாவது மழுப்பினால் தப்பிக்கலாம். அந்த நேரத்தில் தீப வெளிச்சத்தில் பார்த்த முகம்தான் எனக்கு முன்னால் நின்றது. வாய் தானாகத் திறந்தது. "நான் அதைப் படிக்கல மேடம். தேடிப் பார்த்தேன், சார்கிட்டயும் கேட்டேன். அப்படி ஒரு பேப்பரே இல்லைன்னு நினைக்கிறேன்."

மேடம் மெதுவாகக் கைடு பக்கம் திரும்பினார்.

"நானும் தேடினேன் சார். கிடைக்கலை. ஒருத்தர், பேனலைக் கழுவவே வேண்டாம்னு உங்க பேப்பர் சொல்லுதுன்னு எழுதியிருக்கார். இன்னொருத்தர், தினமும் கழுவணும்னு அதே பேப்பர் சொல்லுதுங்கிறார். நீங்க எதைத்தான் சார் சொன்னீங்க? ஒரு காப்பி கொடுங்க."

"அது... ஃபைனல் பண்ணிக்கிட்டு இருக்கேன் மேடம்."

"அப்ப இன்னும் எழுதலை."

அந்த நேரம் பார்த்து டீயும் வடையும் வந்தன. பதில் சொல்ல வேண்டிய அந்த மனுஷன் ஒரு வடையை எடுத்துக் கடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கடித்து, மென்று, சட்னியையும் தொட்டுக்கொண்டார். இவ்வளவுதானா இந்த ஆள்? இவருக்குப் பயந்தா இத்தனை மாதம் தூக்கம் கெட்டேன் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

மேடம் குழு அறிக்கையை அவர் முன்னால் தள்ளினார். "இந்தப் பொண்ணோட வேலையில எனக்குக் குறை தெரியலை. கையெழுத்துப் போடுங்க சார். போடலைன்னா அந்தப் பேப்பரை நான் எழுத்துமூலமா கேட்க வேண்டி வரும்." எண்ணெய்க் கையைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுப் போட்டார்.

ஆய்வேட்டிலும் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொடுத்தார், அது கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. தை மாதம் வாய்மொழித் தேர்வு நடந்தது. பட்டம் வந்தது. வேலை நின்றது. முடிவு சொன்ன அன்று என் கணவர் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து, "பெருமாள் நின்னுட்டாரு ஏளா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். குரூப்பிலிருந்து அன்றே வெளியே வந்தேன். கண்ணால் பார்க்காததையும் படிக்காததையும் எழுதுவதில்லை, பாடம் நடத்துவதும் இல்லை. யாரைக் கண்டும் இப்போது பயமில்லை.

மூன்றாவதாகக் கேட்டதை மட்டும் பெருமாள் கொடுக்கவில்லை. கைடு நன்றாகத்தான் இருக்கிறார். புதுத் தலைப்பு ஒன்று போட்டிருக்கிறாராம், கட்டைவிரல்கள் எழும்பிவிட்டன என்று முத்துலட்சுமி சொன்னாள். எனக்கு ஆத்திரம்தான். ஆனால் எங்கள் ஊர் உற்சவர் யார்? ஒரு திருடனைக் காப்பாற்ற அவன் வேஷத்திலேயே போய் நின்ற கள்ளபிரான். இவரையும் ஒரு நாள் ஆட்கொள்ளட்டும். ஒன்றும் அவசரமில்லை.

உங்களில் யாராவது ஒரு கையெழுத்துக்காக யார் வாசலிலோ குறுகி நின்றுகொண்டிருந்தால், முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒரு சனிக்கிழமை இங்கே வாருங்கள். வாயைத் திறந்து கேளுங்கள். சண்டை போட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். போய் நாலு பேரிடம் என் கதையைச் சொல்வதானாலும் சொல்லுங்கள். முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள், அதுபோதும்.