பூட்ஸ் போட்டவர்கள் போட்ட பாதை

மைசூரில் என் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது இன்றுவரை சரியாகப் புரிந்ததில்லை. திங்கட்கிழமை விடிவதற்குள் மண்வெட்டி, கடப்பாரை, சமையல் பாத்திரம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு, ஏழெட்டு இளவட்டங்களோடு கிளம்புவேன். சனிக்கிழமை சாயங்காலம் அழுக்கு மூட்டையாகத் திரும்பி வருவேன். "கான்ட்ராக்டா எடுத்திருக்கீங்க?" என்று மாடி வீட்டு அம்மா ஒருநாள் கேட்டார். காட்டில் பாதை போடுகிறேன் என்றேன். "அய்யோ, அங்க தார் எல்லாம் எப்படிக் கொண்டு போவீங்க?" என்றார். விளக்கிச் சொல்லலாம்தான். பொறுமை என்கிற சரக்கு என்னிடம் கொஞ்சம் குறைவு. ஆனால் வேலை தெரியும். அதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது.

எனக்குச் சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம். அப்பா அம்மா இன்றும் அங்கே மக்காச்சோளமும் மஞ்சளும் போடுகிறார்கள். ஊருக்கு மேற்கே இருக்கிற மலையில் ஒரு சிவன் கோவில். சிவராத்திரிக்கு அங்கே காட்டுப் பாதையில் நடந்து போவது வழக்கம். மறுபக்கம் தார் ரோடு இருக்கிறது, பஸ் போகிறது, அதெல்லாம் உண்டு. வேண்டுதல் இருப்பவர்கள் நடந்துதான் போவார்கள், அதுவும் செருப்பில்லாமல்.

அந்த மலை ஒரு கோடையில் எரிந்தது. என் தம்பி அப்போது காட்டில் தீக்காவலுக்குப் போய்க்கொண்டிருந்தான். காலையில் போனவனுக்கு மதியம் வரைக்கும் போன் கிடைக்கவில்லை. அவனும் இன்னும் இரண்டு பேரும் பாதையின் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று மட்டும் சேதி வந்தது. நான் மைசூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அம்மா வாசலில் கிழக்குப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். புகை இருந்ததோ மேற்கில். அந்தப் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் இல்லை. "என்ற பையன் அவன் கால்ல நடந்து வூடு வந்து சேரட்டும். சிவராத்திரிக்கு நான் வெறுங்கால்ல மலையேறி வர்றேன்" என்று யாரிடமோ பேசுவது போலச் சொன்னாள். இருட்டுவதற்குள் தம்பி நடந்தே வந்து சேர்ந்தான். புருவம் கருகியிருந்தது. வேறொன்றும் ஆகவில்லை.

வேண்டுதல் பலித்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான். அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் சின்னக் காயம் பட்டாலும் ஆறாது, பத்திரம் என்று கொள்ளேகால் டாக்டர் ஒவ்வொரு தடவையும் படித்துப் படித்துச் சொல்கிறார். அது போதாதென்று, மழைக்காலம் முடிந்ததும் வனத்துறை அதிகாரி பாதையைப் பார்த்துவிட்டு, இந்த லட்சணத்தில் இருந்தால் சிவராத்திரிக்கு அடிவாரக் கேட்டைப் பூட்டிவிடுவேன், எல்லோரும் பஸ்ஸில் போகட்டும் என்றார்.

அம்மாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். "பஸ்ஸுல போயி எறங்குனா அதுக்குப் பேரு வேண்டுதலா கண்ணு? அவுங்க கேட்டப் பூட்டட்டும். நான் வேலிக்குள்ள பூந்து போயிக்கறேன்" என்றாள். செய்யக்கூடியவள்தான். நான் யாருடைய மகள் என்று நினைக்கிறீர்கள்? அவள் போவது நிச்சயம் என்றால், அவள் கால் வைக்கிற மண் நல்ல மண்ணாக இருக்க வேண்டும். அந்தப் பாதையை எங்கள் குழுவுக்கே கொடுங்கள் என்று வனத்துறையிடம் கேட்டு வாங்கினேன். தம்பியும் குழுவில் சேர்ந்துகொண்டான்.

தீப்பட்ட பாதையைத் திருத்துவதில் கண்ணை நம்பக் கூடாது. மரம் எரியும்போது வேரும் மண்ணுக்கடியில் கங்காகக் கனன்று எரிந்துபோகும். மேலே மண் அப்படியே நிற்கும், உள்ளே பொந்து. காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். அதனால் கடப்பாரையால் ஒவ்வொரு அடியாகக் குத்திப் பார்ப்போம். பொத்தென்று சத்தம் வந்த இடத்தைத் திறந்து, கல்லும் மண்ணும் போட்டு இடிப்போம். சாய்ந்து நிற்கிற பட்ட மரங்களை இறக்குவோம். மழைத்தண்ணீர் பாதையிலேயே ஓடி அதை அறுத்துவிடாமல் இருக்க, சரிவில் ஆங்காங்கே குறுக்கே கல் பதிப்போம், கொஞ்சம் சாய்த்து, தண்ணீரைக் காட்டுப் பக்கம் திருப்பிவிடுகிற மாதிரி.

குழுவில் எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. பாதிப் பேர் மைசூர்ப் பிள்ளைகள், பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பக்கம். கன்னடம் பாதி, தமிழ் பாதி. திட்டுவது மட்டும் முழுக்கத் தமிழில், அது என் பொறுப்பு. மைசூர்க்காரன் ஒருவன், இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன், ஆரம்பத்தில் கடப்பாரையை இரண்டு விரலால் பிடிப்பான். "கையில இருக்கறது கடப்பாரையா, அகர்பத்தியா? யாருக்குடா காட்டிட்டிருக்கே?" என்று கேட்டேன். அன்று முழுக்க எல்லோரும் அவனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே திரிந்தார்கள். மறுவாரமே நல்ல வேலைக்காரனாகிவிட்டான். ஹனூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். தபாலில் பி.எஸ்சி. படிக்கிறாள். அவள் வாய் ஓயாது, கையும் ஓயாது. என் தம்பி மட்டும் அதிகம் பேசமாட்டான். தீயில் மாட்டிக்கொண்ட அந்த ஏற்றத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது, யாரும் சொல்லாமலே அவன் முன்னால் போய் நின்று முதல் மண்வெட்டியைப் போட்டான்.

அந்த ஏற்றம்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. மழையில் மேல்மண் மொத்தமும் அடித்துக்கொண்டு போயிருந்தது. காலை வைத்தால் சறுக்கியது. பெரிய பாறைத் துண்டுகளைச் சுத்தியலால் உடைத்து ஜல்லியாக்கிப் பரப்பி இடித்தோம். பூட்ஸ் காலோடு ஏறி, இறங்கி, குதித்துப் பார்த்தோம். அசையவில்லை. அதிகாரி வந்து கீழிருந்து மேல் வரைக்கும் நடந்தார். அந்த ஏற்றத்தில் நின்று குதிகாலால் ஓங்கி மிதித்தார். "பர்வாகில்ல மேடம்" என்றார். கன்னட அதிகாரியின் வாயிலிருந்து வந்த அந்த 'பரவாயில்லை'யைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட் திறக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று முகாமில் கேசரிபாத் கிளறினோம். நான் அம்மாவுக்குப் போன் போட்டு, "உன் வேண்டுதலுக்கு வழி விட்டாச்சு" என்று பீற்றிக்கொண்டேன்.

பாத்திரம் கழுவப் போன ஹனூர்ப் பெண், அரிவாளை மேலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்து, ஓடையிலிருந்து அப்படியே வெறுங்காலோடு ஏற்றத்தில் ஏறியிருக்கிறாள். "அம்மாடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாம்புதான் கடித்துவிட்டது என்று எல்லோரும் ஓடினோம். பாதை நடுவே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் ஒரு கீறல், லேசாக ரத்தம். பாம்பு இல்லை. நாங்கள் உடைத்துப் போட்ட ஜல்லி.

"எல்லாரும் பூட்ஸைக் கழட்டுங்க" என்றேன். நானும் கழற்றினேன். ஏறினோம். ஏறினோம் என்றா சொன்னேன்? சுடுசட்டியில் விழுந்த கடுகு மாதிரி துள்ளினோம். உடைத்த கல்லின் ஒவ்வொரு முனையும் கத்தி. எனக்கு வந்த கோபத்தில் கண்ணே தெரியவில்லை. சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறிய பாதை அது. தம்பி ஏறியிருக்கிறான், ஹனூர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஏறியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் பூட்ஸுக்குள் இருந்ததில் ஒருவருக்குமா காலைப் பற்றி நினைப்பு வராது? கோபம் முழுக்க என் மேல்தான். காட்டியது அவர்கள் மேல்.

மைசூர்க்காரன் மெல்ல ஆரம்பித்தான். "அக்கா, ஆபீசர்தான் ஓகே சொல்லிட்டாரே. ஏத்தத்துல மட்டும் எல்லாரும் சாக்ஸ் போட்டுக்கட்டும்னு ஒரு போர்டு வெச்சிரலாமா?"

"வெச்சிரலாமே. எங்கம்மாகிட்ட அதை நீயே படிச்சுக் காட்டிரு. ஹனூர் பஸ்ஸுக்கு நான் காசு தர்றேன்" என்றேன்.

எங்கள் அம்மாவை அவன் ஒருமுறை பார்த்திருக்கிறான். உடனே அடங்கிவிட்டான். ஆனால் தம்பி சிரிக்கவில்லை. "அக்கா, அம்மா கால்" என்றான்.

ஜல்லியை அள்ளிவிட்டால் ஏற்றம் மறுபடி சறுக்கும். ஆக, ஜல்லி இருக்கட்டும், அதன்மேல் மண்மெத்தை போட வேண்டும் என்று முடிவு செய்தேன். மண்ணுக்கு எங்கே போவது? மழை அடித்துக்கொண்டு போன மேல்மண்ணெல்லாம் கீழே ஓடைத் திருப்பத்தில் வண்டலாக ஒதுங்கிக் கிடந்தது. அதைச் சலித்து, சாக்கில் கட்டி, தோளில் தூக்கி ஏற்றினோம். தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்கினோம். அந்த ஏற்றத்தில் மட்டும் யாரும் பூட்ஸ் போடக் கூடாது என்று சட்டம் போட்டேன். கண்ணுக்குத் தெரியாத முனையைக் கால் கண்டுபிடித்துவிடும். எங்கே "ஸ்ஸ்" என்று சத்தம் வருகிறதோ, அங்கே குனிந்து அந்தக் கல்லைப் பிடுங்கிக் கவிழ்த்துப் பதிப்போம். சிவராத்திரி நெருங்க நெருங்க ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. போகச் சொல்லி நானும் சொல்லவில்லை. தோள்பட்டை வீங்கியவர்கள்கூடச் சாக்கைக் கீழே போடவில்லை. அவர்கள் மேல் எனக்கு அப்போது வந்த பாசத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

சரி என்று எழுதிக் கொடுத்த பாதையில் யாரைக் கேட்டு மண் கொட்டினீர்கள் என்று அதிகாரி கோபமாக வந்தார். மண் போடாத கடைசிப் பகுதியைக் காட்டி, "சார், ஒரே ஒரு நிமிஷம். பூட்ஸைக் கழட்டிட்டு இதுல ஏறிப் பாருங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தார், கழற்றினார். நாலடி போனார். திரும்பி வந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு, "சீக்கிரம் முடிங்க" என்றார். முடித்தோம்.

சிவராத்திரியன்று காலையில் கேட் திறந்தது. தம்பி முன்னால், அம்மா நடுவில், நான் பின்னால். ஜனம் நிறைய. என் குழுப் பிள்ளைகள் பாதை நெடுகத் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். எரிந்த மரங்கள் இருபுறமும் கறுப்பாக நின்றன. ஏற்றத்துக்கு வந்ததும் நான் அம்மாவின் காலடியையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அம்மா அந்த மண்ணில் காலை வைத்தாள், அடுத்த காலையும் வைத்தாள், மூச்சு வாங்கியபடி ஏறினாள். பாதி ஏற்றத்தில் தம்பி நின்று, பாதையை ஒட்டியிருந்த ஒரு பாறை இடுக்கைக் காட்டி, "இங்கதாம்மா இருந்தோம்" என்றான். அம்மா அந்த இடுக்கைப் பார்த்தாள். அதன் வாய் வரைக்கும் கரி பிடித்திருந்தது. அவன் முதுகில் பளாரென்று ஒரு அடி வைத்தாள். பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டே மீதி ஏற்றத்தையும் ஏறினாள்.

தரிசனம் முடிந்து வெளியே வந்து உட்கார்ந்ததும் நான் முதல் வேலையாக அவள் காலை மடியில் தூக்கி வைத்து, தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துப் பார்த்தேன். விரல் இடுக்கு, குதிகால், எல்லாம். ஒரு கீறல்கூட இல்லை.

"சாமிகிட்ட இன்னொண்ணும் கேக்கோணும்னு வந்தேன் கண்ணு" என்றாள் அம்மா.

"என்ன?"

"உங்க ரெண்டு பேத்துக்கும் இந்தக் காட்டு வேல போதும், ஊருக்குள்ள ஏதாச்சும் வேல அமையோணும்னு. வாய் வரைக்கும் வந்துருச்சு. கேக்காம வந்துட்டேன்."

"ஏம்மா?"

"அந்த ஏத்தத்துல எம்முன்னால ஒரு புள்ள கைக்கொழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு, வெறுங்கால்ல, கீழ குனிஞ்சுகூடப் பாக்காம விறுவிறுன்னு ஏறிப் போச்சு. நான் கேட்டு, சாமியும் குடுத்துட்டா, அப்பறம் அவுளுக்கு யாரு வழி போடறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கழுவி முடித்த காலையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.