பிழையார் கட்டிய படகு

அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே ஜன்னல், அதே சிவப்புப் பேனா. பாடநூலோ, மிக்ஸிக்கான உபயோகக் குறிப்போ, எதுவானாலும் அவர் கண்ணில் பட்ட பிறகுதான் எந்திரத்துக்குப் போகும். அச்சகத்தில் எல்லாரும் அவரைப் ‘பிழையார்’ என்றே கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தமில்லை. யாரோ ஒரு சீட்டில் ‘பிளையார்’ என்று எழுதிவைத்த அன்றுதான் கோபம் வந்தது.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சரியான மாத்திரையை எடுத்துக் கொடுப்பவள். “நான் தப்புலேர்ந்து சரியை எடுக்கறேன், நீங்க சரிலேர்ந்து தப்பை எடுக்கறீங்க” என்பாள்.

ஒருநாள் மேசைக்கு ஒரு மெல்லிய கையெழுத்துப் பிரதி வந்தது. வீட்டுக்குள்ளேயே மரப்படகு கட்டுவது எப்படி என்று ஓய்வுபெற்ற வரைபடக்காரர் ஒருவர் எழுதியது. படகின் வயிறு எந்த இடத்தில் எவ்வளவு அகலம் என்று அதில் ஓர் அட்டவணை. நடுவிலிருந்து நுனியை நோக்கி, அங்குலக் கணக்கில் நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு, முப்பது என்று எண்கள் இறங்கின.

பிழையாரின் பேனா நின்றது. நாற்பத்திரண்டுக்கும் முப்பதுக்கும் நடுவில் முப்பத்தாறுதானே வர வேண்டும்? அடித்துவிட்டு முப்பத்தாறு என்று போட்டார்.

புரூஃப் ஆசிரியரிடம் போய்த் திரும்பியது. முப்பத்தாறு மறுபடி முப்பத்தெட்டாகியிருந்தது. பக்கத்தில், ‘ஐயா, இதில் கை வைக்க வேண்டாம்’ என்று ஒரு குறிப்பு. பிழையார் கடைசிப் புரூஃபில், யாரிடமும் சொல்லாமல், மீண்டும் முப்பத்தாறு ஆக்கினார். ஐந்நூறு பிரதி அச்சாகிக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டது.

இரண்டாம் நாள் போன் வந்தது.

“என் படகை ஒடுக்கினது யாரு?”

“நான்தான். சரியாத்தான் போட்டிருக்கேன். நடுவுல முப்பத்தாறுதான் வரும்.”

“ஏங்க, இது படியா? வயிறுங்க! உங்க தொப்பை நேர்கோட்டுலயா இறங்குது?”

“தொப்பைய விடுங்க. கணக்குன்னா கணக்குதான்.”

“அப்படியா? கட்டிப் பாத்துட்டுப் பேசுங்க. அதுவரைக்கும் ஒரு புத்தகத்தைக்கூட நான் எடுத்துக்க மாட்டேன்.”

போன் வைக்கப்பட்டது. வாழ்க்கையில் ஆணிகூட நேராக அடித்திராத பிழையார், அன்று மாலை மரக்கடைக்குப் போனார்.

கூடத்தின் நீளம் பதின்மூன்றடி, படகின் நீளம் பதினான்கடி. அதனால் படகின் மூக்கு சமையலறைக்குள் வந்தது. ஒட்டுப்பலகையில் வயிற்றின் வடிவமாகப் பதினொரு அச்சுகளை அறுத்து, நீளக் கட்டை ஒன்றின் மேல் வரிசையாக நிறுத்தினார். இந்த அச்சுகளின் மேல்தான் விரல் அகல மரப்பட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி வளைத்துக்கொண்டே போக வேண்டும். சோபாவைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தியாயிற்று. மனைவி இரண்டு அச்சுகளுக்கு நடுவே டிவி பார்த்தாள். செய்தி வாசிப்பவரின் ஒரு காது எப்போதும் அச்சுக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

“பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை தெரியும். பிழையார் பிடிச்சா என்ன ஆகும்னு இனிமேதான் பாக்கணும்” என்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று பட்டிகள் ஏறின. எல்லா அச்சிலும் அழகாகப் படிந்த பட்டி, நடுவுக்கு முன்னும் பின்னும் முப்பத்தாறு போட்ட இரண்டு அச்சுகளில் மட்டும் ஒட்டாமல், கட்டைவிரல் அகலத்துக்கு விலகி நின்றது. பிழையார் அதைக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். பட்டென்று ஒரு சத்தம். பட்டி முறிந்து, ஒரு துண்டு சமையலறைக்குப் பறந்து குக்கர்மேல் விழுந்தது.

“மரம் காஞ்சிடுச்சு” என்றார்.

இரண்டாம் ஞாயிறு பட்டிகளை ஈரத்துணியில் சுற்றிவைத்து ஏற்றினார். அவை முறியவில்லை. பதிலுக்குக் கிளாம்பையே பிடுங்கிக்கொண்டு எழுந்தன. மூன்றாம் ஞாயிறு ஆணியே அடித்தார். பட்டி அடங்கியது. ஆனால் படகின் இரு பக்கமும், கன்னம் ஒட்டிப்போன நோயாளிபோலப் பள்ளம் விழுந்தது. அரைப்புள்ளி இடம் மாறினாலே உறுத்தும் கண் அவருடையது. குளிக்கப் போகும்போதும் அந்தப் பள்ளம், சாப்பிட வரும்போதும் அந்தப் பள்ளம்.

அடுத்த நாள் காலை மனைவி உள்ளே வந்தபோது, அவர் பனியனைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று, இரும்பு டேப்பால் தம் வயிற்றை அளந்துகொண்டிருந்தார்.

“என்னங்க, சட்டை தைக்கவா?”

“இல்ல. நேர்கோட்டுல இறங்குதான்னு பாத்தேன்.”

“இறங்குதா?”

“இறங்கற மாதிரியே தெரியல.” டேப் சர்ரென்று சுருண்டு பெட்டிக்குள் போனது. அவர் கட்டிலில் உட்கார்ந்தார். “அந்த மனுஷன் சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவள் கேட்டதில்லை. கிண்டல் செய்ய நல்ல சமயம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, காப்பி போடப் போய்விட்டாள்.

அச்சகத்தில் ஃபோர்மேனிடம் விஷயத்தைச் சொன்னார். ஃபோர்மேன் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு இரக்கப்பட்டார்.

“விடுங்க பிழையாரே. அச்சுப்பிழைன்னு ஒரு துண்டுச்சீட்டு அடிச்சு உள்ள வெச்சா முடிஞ்சுது.”

“மெஷின் என்னங்க பண்ணுச்சு, பாவம்? நான் குடுத்ததைத்தானே அடிச்சுது?”

சீட்டை அவரே எழுதினார். ‘நாற்பத்தோராம் பக்கத்தில் 36 என்பதை 38 எனப் படிக்கவும். இது ஆசிரியரின் பிழை அன்று; அச்சின் பிழையும் அன்று. பிழை திருத்துபவரின் பிழை.’ அதன் புரூஃபை நான்கு முறை படித்தார். ஐந்நூறு சீட்டுகளையும் தம் கையாலேயே ஒவ்வொரு பிரதிக்குள்ளும் செருகினார். முடிக்கும்போது முதுகு வலித்தது. ஆனால் மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது.

தபாலில் வந்த சீட்டைப் படித்த ஆசிரியர் அந்த வாரமே வீட்டுக்கு வந்தார். தொப்பையைப் பற்றி அவ்வளவு பேசியவர், ஈர்க்குச்சி மாதிரி இருந்தார். ஒடுங்கிய இரண்டு அச்சுகளிலும் ஒட்டுவதற்கு, அளவாகச் சீவிய மரத்துண்டுகளைப் பையில் கொண்டுவந்திருந்தார்.

“வருத்தப்படாதீங்க” என்றார். “என் முதல் படகுல நானும் முப்பத்தாறுதான் போட்டேன். இதே பள்ளம்தான்.”

“அடடா! அதைப் புத்தகத்துல எழுதியிருக்கலாமே?”

“எழுதினேனே. ‘கூறியது கூறல்’னு சொல்லி அந்தப் பத்தியவே நீங்கதான் சிவப்புல அடிச்சீங்க.”

சமையலறையில் ஒரு தட்டு கீழே விழுந்தது. மனைவி சிரித்ததில் கை நழுவிவிட்டது.

ஆணி அடித்த பட்டிகளைப் பிடுங்கிவிட்டு, துண்டுகளை ஒட்டியதும் வேலை ஓடியது. பட்டிகள் முரண்டு பண்ணாமல் படிந்தன. பசை காயும்வரை பிடித்துக்கொள்ள வீட்டிலிருந்த துணிக் கிளிப் அத்தனையும் படகில் ஏறியதால், காயப்போட்ட துணிகள் காற்றில் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தன. இழைப்புளி பிடித்துப் பிடித்துப் பிழையாருக்கு உள்ளங்கை காய்த்தது. மரத்தின் மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து ரெசின் பூசும் நாளில் மட்டும் ஓர் ஆபத்து வந்தது. நேரம் மிச்சம் என்று அவர் முழு ரெசினையும், அதை இறுகவைக்கும் திரவத்தோடு, ஒரே வாளியில் கலக்கினார். வாளி கொதித்துப் புகைய ஆரம்பித்தது.

“வெளிய கொண்டு போங்க! வெளிய!” என்று மனைவி கத்தினாள். வாளி வாசலில் கல்லாக உறைந்தது. “மருந்து கலக்கறது என் தொழில். இனிமே நீங்க பூசறதோட நிறுத்திக்கோங்க.” மருந்துக்கடை அளவுக்குவளையில் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கலந்து கொடுக்க, அவர் பூசினார். மாலைக்குள் படகு தேன் தடவியதுபோல மின்னியது.

ஏரி ஒரு கிலோமீட்டர் தூரத்தில். ஆசிரியர் கரையில் நின்று வழிசொல்ல, பிழையார் முன்னாலும் மனைவி பின்னாலும் உட்கார்ந்தார்கள். படகு மிதந்தது. நேராகவும் போனது. நடு ஏரிவரைக்கும் பிழையார் மூச்சுவிடவே இல்லை.

“சும்மா வாத்து மாதிரி போகுதுங்க” என்றாள் அவள்.

“துடுப்பை ஏன் அப்படிப் பிடிக்கற? புத்தகத்துல—”

“புத்தகம் வீட்டுல இருக்கு. நீங்க வலது பக்கம் போடுங்க.”

வலது யாருடைய வலது என்று பேச்சு முற்றியது. அதற்குள் காற்று திரும்பி, படகை எதிர்க்கரைக் கோரைப்புல்லில் கொண்டுபோய்ச் செருகியது. எதிர்க்காற்றில் திரும்ப இருவருக்கும் தெம்பில்லை. படகைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, சாலை வழியாக வீட்டுக்கு நடந்தார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான்கு காலுள்ள ஒரு படகு நடந்துபோனது. அது தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டும் போனது.

“நான் அப்பவே சொன்னேன்.”

“என்ன சொன்ன? எப்ப சொன்ன?”

சிக்னலில் படகு நின்றது. பச்சை விழுந்தும் நகரவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு விளக்கு தெரியவில்லை. போக்குவரத்துக் காவலர் வந்து மேலே இரண்டு தட்டு தட்டினார்.

“யாருங்க உள்ள?”

“நாங்கதான்” என்றது படகு.

“வழி தெரியுதா?”

“முன்னாடி இருக்கறவருக்குத் தெரியுமாம்” என்றது பின்பக்கம். “அவரையே கேளுங்க.”

முன்பக்கம் இடமும் வலமும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு, “தெரியலைங்க. கொஞ்சம் சொல்லுங்க” என்றது. காவலர் படகின் மூக்கைப் பிடித்து, மாட்டை ஓட்டிப்போவதுபோல, சாலையின் மறுபக்கம் கொண்டுபோய் விட்டார்.