தம்பியின் பாவாடை

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு அண்ணன்களும் கைக்குழந்தையிலேயே போய்விட்டார்கள். அதனால் தம்பி பிறந்ததும், ஆண் பிள்ளை என்று தெரிந்தால் இதுவும் தங்காது என்று பயந்து, அம்மா அவனுக்கு மூக்குக் குத்தி, பாவாடை கட்டி, பெண்பிள்ளையாக வளர்த்தார்கள். ஆறு வயது முடிந்ததும் திருவேற்காட்டு அம்மனுக்கு மொட்டை அடிப்பதாக வேண்டுதல். அது வெள்ளைக்காரன் காலம். அம்பத்தூர் ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது.

அந்த ஆறு வருஷமும் அவன் எனக்குத் தங்கை மாதிரிதான். இருவருக்கும் ஒரே சீட்டித் துணியில் பாவாடை. நான் வாசல் பெருக்கினால் அவன் சாணி தெளிப்பான். அரிசியில் கல் பொறுக்க என்னைவிட அவன் கை வேகம். சாப்பிட்டதும் கிணற்றடியில் உட்கார்ந்து, அவன் தேய்க்க நான் கழுவுவேன். யாரோடும் பேச வராது எனக்கு. அவனோடு மட்டும் பேசுவேன். நாலாவதோடு பள்ளிக்கூடமும் நின்றுவிட்டது. மொட்டை அடிக்கும் நாள் வராமலே இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வந்தது. மொட்டை அடித்து, மூக்குத்தியைக் கழற்றி, சின்ன வேட்டி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். திரும்பி வரும்போது வண்டியில், பாவாடைதான் வேண்டும் என்று அழுதுகொண்டே வந்தான். கூட வந்திருந்த மாமா சிரித்தார்.

"இன்னாடா பொட்டச்சியாட்டம் அழுவுற? மீசய முறுக்குடா."

அன்று காலை வரைக்கும் அவனை அப்படித்தானே வைத்திருந்தார்கள் என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் தன் கும்பாவை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் வந்து உட்கார்ந்தான். அம்மா வந்து அதைப் பிடுங்கி என் பக்கம் வைத்தார்கள்.

"நீ எழுந்திரு நைனா. அக்கா கழுவும்."

"நானும் அக்காகூட கழுவுறம்மா."

"ஊரு சிரிக்கும். அப்பாகூட கயனிக்குப் போ."

அவன் என்னைப் பார்த்தான். இருக்கட்டுமே என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு தேய்த்தேன்.

நாலைந்து நாள் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தான். தெருப் பையன்கள் 'பாவாட, பாவாட' என்று கூப்பிட்டார்கள். அவர்களோடு சண்டை போட்டான். பிறகு அவர்களோடேயே சேர்ந்துகொண்டான். அந்த மாசம் முடிவதற்குள் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிராமலே என்னிடம் சொன்னான்.

"ஏய், தண்ணி கொண்டா."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவிடம் போய்ச் சொன்னார்கள். நான் சொம்பில் மொண்டு வந்து வைத்தேன். கோபம் வந்ததாகவோ அழுததாகவோ நினைவில்லை. அவன் குடித்துவிட்டு எழுந்து போனான்.