பெரியப்பாவின் அதிமதுரம்

பெரியப்பா வாயைத் திறக்கும் முன் நாக்கால் எதையோ கன்னத்துக்கு ஒதுக்கிக்கொள்வார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே இப்படித்தான். அது அதிமதுர வேர்த்துண்டு. காய்கறிச் சந்தையில் ஏலம் விடுவது அவர் வேலை. தொண்டை கட்டினால் பிழைப்பு போயிற்று. சந்தையில் அவருக்கு 'ஸ்பீக்கர்' என்றே பெயர். இருமல், வயிற்றுப்புண் என்று யார் வந்தாலும் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டை நீட்டுவார். அங்கே மூட்டை தூக்குகிற ஒருவரையும் அப்படித்தான் பழக்கிவிட்டார். அந்த மூட்டைக்காரர் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்.

போன வருடம் பெரியப்பாவுக்குக் கால் வீங்கியது. படியேறத் தொடையில் பலமில்லை. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை.

"வேற மருந்து ஏதாவது எடுத்துக்கிறீங்களா?" என்றார் மருத்துவர்.

"ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப கன்னத்துல இருக்கிறது என்னவாம், மிட்டாயா?" என்றார் பெரியம்மா.

"அது வேருடி. அதைப் போய் மருந்துங்கிறே."

ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. சில நாள் அளவாக மென்றால் தொண்டைக்கு இதம்தான்; தினமும் மென்றால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம், அழுத்தம் உள்ளவர்கள் தொடவே வேண்டாம் என்றார் மருத்துவர். பெரியப்பா அன்றே வேரை விட்டார்.

திரும்பும்போது பேருந்தில் கேட்டார்: "அப்ப அந்த மூட்டைக்காரனுக்கு?"

"போய்ச் சொல்லிடுங்க பெரியப்பா."

"நல்லதுன்னு வருஷக்கணக்கா கொடுத்தேன். இப்ப ஆகாதுன்னு எந்த வாயால சொல்ல?"

அவர் சொல்லாததால் நான் போனேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. என் பேச்சு எடுபடும் என்று எதை வைத்து நம்பினேனோ தெரியவில்லை.

"நீ படிச்ச பொண்ணும்மா, இல்லேங்கல," என்றார் மூட்டைக்காரர். "ஆனா கொடுத்தது ஸ்பீக்கர். அவர் வந்து துப்புன்னா இப்பவே துப்பிடறேன்."

பெரியப்பாவிடம் அப்படியே சொன்னேன். "போறேன்" என்றார். வருவார் என்று மூட்டைக்காரரிடம் சொல்லிவைத்தேன். பெரியப்பா மறுவாரமே வேறு சந்தைக்கு மாறிக்கொண்டார்.

நேற்று மூட்டைக்காரரைப் பார்த்தேன். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல், வெறுங்காலோடு மூட்டை சுமக்கிறார். மருத்துவரிடம் போகலாம் என்று கூப்பிட்டேன், வர மறுத்துவிட்டார்.

"எங்கம்மா உங்க பெரியப்பா? வரேன்னாரே."

பெரியப்பா இன்னும் போகவில்லை.