லோரியில் ஏறிய கம்ப்யூட்டர்: ரிங்லெட் தோட்டத்தில் ஒரு படத் திருத்தம்

1989, ஜூன் பள்ளி விடுமுறை. அப்போது மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தேன். கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி எங்களிடம் சிறப்பு மலர் அச்சிடக் கொடுத்திருந்தது. கட்டுரைகள் வந்துவிட்டன, பழைய புகைப்படங்கள் வரவில்லை. முன்பு ஒரு ஸ்டூடியோக்காரர் வாங்கிப்போன படங்கள் திரும்பவே இல்லையாம். இனி எந்தப் படமும் மலையை விட்டு இறங்காது என்று தோட்டத்து மக்கள் சொல்லிவிட்டார்கள்.

படம் இறங்காவிட்டால் கம்ப்யூட்டர் ஏறட்டும் என்றேன். முதலாளி சிரித்தார். கோலாலம்பூரில் இந்த வேலைக்கென்றே விலையுயர்ந்த சாதனங்கள் இருந்தன. எங்களிடம் இருந்ததோ படம் வரையும் மென்பொருள் ஒன்றே ஒன்று. ஒரு பிளாப்பியில் அடங்கிவிடும். கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி, பென்சில், அழிப்பான், வெட்டி ஒட்டும் வசதி, அவ்வளவுதான். இதை வைத்தே முடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

காய்கறி இறக்கிவிட்டு, ரிங்லெட்டைத் தாண்டியுள்ள திரிங்காப்புக்குக் காலியாகத் திரும்பும் லோரி ஒன்று கிடைத்தது. ஈப்போவிலிருந்து தாப்பா சுமார் அறுபது கிலோமீட்டர், அங்கிருந்து ரிங்லெட் ஏறக்குறைய நாற்பத்தைந்து. தூரம் ஒன்றுமில்லை, வளைவுகள்தான் குடலைப் பிடுங்கும். மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"என்னா தங்கச்சி அது, டிவியா?" என்றார் ஓட்டுநர் மணியம் அண்ணன்.

"கம்ப்யூட்டர்ண்ணே. பழைய போட்டோவெல்லாம் சரி பண்ணப் போறேன்."

"அடேயப்பா! அப்ப மெதுவாத்தான் போவணும் லா."

சொன்னபடியே ஒவ்வொரு வளைவிலும் லோரியை நடக்கவிட்டார். வாடகை வாங்க மறுத்துவிட்டார். ரிங்லெட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் இருவரும் ரொட்டி சானாயும் தேநீரும் சாப்பிட்டதற்கு இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட், கொடுத்தேன். அது மட்டும்தான் என் பயணச் செலவு.

பள்ளி ஆசிரியர் அறையில் கம்ப்யூட்டரை வைத்தோம். மலர்க் குழுவுக்குத் தலைவர் தோட்டத்துக் கணக்கரான கிராணியார். முதல் ஆளாக வந்தவர் அஞ்சலை அக்கா. கொழுந்து பறிப்பவர், ஐம்பதை நெருங்கும் வயது. படத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தொழிற்சாலை வாசலில் எடுத்த நீளமான குழுப்படம். நடுவில் அந்தக் காலத்து வெள்ளைக்கார மேலாளரான துரை நாற்காலியில், காலடியில் நாய். வலது கோடியில் பதினாறு வயது அஞ்சலை. இடது கோடியில் அவருடைய அக்கா பாப்பாத்தி. படம் எடுத்த மறுவருடமே பாப்பாத்தி காய்ச்சலில் போய்விட்டாராம். அவருக்கு வேறு படமே கிடையாது. இந்தப் படத்திலும் அவர் கன்னத்திலிருந்து ஒரு கண் வரைக்கும் பூஞ்சை வெள்ளையாகத் தின்றிருந்தது.

என் ஸ்கேனர் கையால் இழுப்பது, ஒரு சாண் அகலம்கூட வராது. படத்தைத் துண்டு துண்டாகத்தான் உள்ளே வாங்க வேண்டும். முகம் முக்கியம் என்று முதலில் இரு கோடிகளையும் இழுத்தேன். திரையில் அவை அருகருகே வந்து நின்றன.

அஞ்சலை அக்கா என் தோளைப் பிடித்தார். "தங்கச்சி, இப்படியே விட்டுடு. நானும் அவளும் ஒண்ணா நிக்கிறோம் பாரு."

கிராணியார் பதறினார். "துரைய வெட்டுறதா? இப்ப உள்ள மேனேஜர் பார்த்தா என்னைத்தானே கேப்பாரு?"

"பங்களா பூரா துரை போட்டோதான் மாட்டியிருக்கு. எங்கக்காவுக்கு இது ஒண்ணுதான். முடியாதுன்னா சொல்லுங்க, போட்டோவ எடுத்துட்டுப் போயிடுறேன்."

அவர் துண்டை எடுத்து விரித்தேவிட்டார். வெட்டி ஒட்டுவது எனக்கும் உறுத்தத்தான் செய்தது. நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டக்கூடாது. "வெட்டி ஒட்டிய படம்னு கீழயே அச்சடிச்சிடலாம் சார். யாரும் ஏமாத்தினதா சொல்ல முடியாது" என்றேன். "எழுத்துப் பெருசா இருக்கணும்" என்றார் கிராணியார். துண்டு மறுபடி மடிந்தது.

பிறகு பாப்பாத்தியின் கண். பெரிதாக்கினால் முகம் வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகிவிடும். ஒவ்வொரு புள்ளியாக வைத்து, சுருக்கிக் காட்டினேன்.

"இது அவ இல்ல."

அழித்தேன். நல்ல கண்ணைப் பிரதி எடுத்துத் திருப்பி ஒட்டினேன்.

"இதுவும் இல்ல. சிரிச்சா அந்தக் கண்ணு சின்னதாப் போயிடும்."

கீழ் இமையில் புள்ளிகளைக் கூட்டினேன். அஞ்சலை அக்காவின் முகம் மாறத் தொடங்கிய அந்த நேரத்தில் மழை இறங்கியது, மின்சாரம் போனது. நான் சேமித்திருக்கவில்லை. மதியம் முழுக்கச் செய்த வேலை போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது.

அஞ்சலை அக்கா எழுந்திருக்கவில்லை. "கரண்டு வரும். நான் இருக்கேன், நீ மறுபடி பண்ணு" என்றார். கரண்டு வந்ததும் முதல் புள்ளியிலிருந்து ஆரம்பித்தேன். எந்தக் கோடு எங்கே என்று கைக்குத் தெரிந்திருந்ததால் இந்த முறை பாதி நேரம்தான் பிடித்தது. சுருக்கிக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துத் திரைக்குக் கிட்டே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் உடனே சேமித்தேன்.

இப்படிக் கருவிகளோடு மலையேற நினைப்பவர்களுக்கு: மதியத்துக்கு மேல் மழை வரும், கனமான வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமியுங்கள். மூலப்படத்தை அதற்குரியவர் கண்முன்னே வைத்தே வேலை செய்யுங்கள். பத்து மென்பொருள் தேவையில்லை. ஒன்றை முழுதாகப் பழகிக்கொண்டால் போதும். படத்தில் இருப்பவரைத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களின் படங்களையும் முடித்த மறுநாள் மணியம் அண்ணன் லோரி ஹாரன் அடித்தபோது, கிராணியார் ஒரு பழுப்பு உறையோடு ஓடிவந்தார். உள்ளே இன்னொரு குழுப்படம். அதிலும் நடுவில் ஒரு துரை.

"ஓரத்துல நிக்கிறது என் தம்பி" என்றார். "இதையும் பாரு தங்கச்சி. ஈப்போவுக்கே கொண்டு போ, பரவால்ல."