ஜீப் திரும்பி வந்த படம்

மெட்ராசில் நாங்கள் படித்த ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் காமிரா அறையில் அன்று காலை இருந்தவர்கள் மூன்று பேர். நான், காமிரா பிரிவில் படித்த கோபால், அறைச் சாவியைக் கையை விட்டு இறக்காத அட்டெண்டர் முனுசாமி. இருக்க வேண்டிய அனிமேஷன் சார் வெளியூர் போயிருந்தார். இன்னொருவரும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. அவர் அருப்புக்கோட்டையில் தறிக்கு அட்டை குத்தும் வேலுச்சாமி அண்ணன். இருந்திருந்தால் அவரிடம் நான் என்ன கேட்டிருப்பேன் என்பதை இங்கே எழுத முடியாது.

பொட்டலத்தில் இருந்தவை என் டிப்ளமோ படத்துக்கான சித்திரங்கள், முந்நூற்றுச் சொச்சம் தாள்கள். காமிராவுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்து எடுக்க வேண்டியவை. முதல் தாளைத் தூக்கினேன். அதோடு இரண்டாவது வந்தது, அதன் பின்னால் மூன்றாவது. எல்லாத் தாளும் நூலால் கோர்க்கப்பட்டிருந்தன.

"என்னடா இது, மாலை கட்டிக் கொண்டாந்திருக்கே?" என்றான் கோபால்.

காமிரா எங்களுக்கு அந்த ஒரு நாள்தான். மறுநாள் வேறொருவன் முறை. படம் முடியாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் ஒரு விளம்பரப்படக் கம்பெனி தருவதாகச் சொன்ன வேலையும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். தோற்றுத் திரும்பினால் எம்.ரெட்டியபட்டியில் எனக்குப் பருத்திக் காட்டு வேலை காத்திருந்தது. அது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் "எம் மகன் மெட்ராசுல படம் வரையப் படிக்கான்" என்று டீக்கடையில் சொல்லி வைத்திருந்த அய்யா, அதற்கப்புறம் எந்தக் கடையில் டீ குடிப்பார்?

இப்போது இந்த அனிமேஷன் பாடத்தில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

1. மாலைக்குக் கால்

மூன்று நிமிஷத்துக்கும் குறைவான கேலிப்படம். ஒரு கரிசல் ஊருக்கு அடிகுழாய் திறக்கத் தலைவர் வருகிறார். புழுதியோடு ஜீப் வரும். தலைவருக்கு முகமே கிடையாது, பெரிய மாலை ஒன்று இரண்டு காலோடு இறங்கும். ரிப்பன் வெட்டும், கை தட்டுவார்கள், குழாயை அடிக்கும். உள்ளேயிருந்து ஒரு ஓணான் வெளியே வந்து தலையை ஆட்டும். அதற்கும் கை தட்டுவார்கள். ஜீப் போய்விடும், குடங்கள் வரிசையில் நிற்கும். அவ்வளவுதான்.

காட்சிகளை வரிசையாக வரைந்திருந்த ஸ்டோரி போர்டைப் பார்த்து சார் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அரசாங்கச் செலவுல படம் எடுக்குறோம்யா. நாளைக்குப் படம் பாக்க அதிகாரிங்க வருவாங்க. கடைசியில தண்ணி வரணும். தண்ணி வந்தா கையெழுத்துப் போடுறேன்."

"சார், தண்ணி வந்துட்டா கேலி போயிருமே சார்."

"கேலி போனா பரவாயில்ல. நீ போயிராத."

சரியென்று கடைசியில் தண்ணீர் சேர்த்தேன். அதில் ஒரு தொல்லை. பாய்ந்து வருகிற தண்ணீரை எப்படி வரைவது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனான கோபால் பார்த்துவிட்டு, "இது என்னடா தண்ணி, ஒவ்வொரு சொட்டும் க்யூவுல நின்னு டோக்கன் வாங்கிட்டு வருது?" என்றான். எங்கள் ஊரில் அப்படித்தான் வரும் என்றேன்.

2. தறி அட்டை

அனிமேஷனில் முதல் பாடம் தாள் நகரக் கூடாது. எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் ஓட்டை இருக்க வேண்டும், அவை பெக் என்கிற இரண்டு முளையில் மாட்டி நிற்க வேண்டும். மயிரிழை தவறினால் திரையில் ஊரே நடுங்கும். இன்ஸ்டிடியூட்டில் இருந்த ஓட்டை போடும் மிஷின் பழுது. கோடை லீவு வேறு. வெற்றுத் தாளோடு ஊர் வந்து சேர்ந்தேன்.

பக்கத்து அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்டதும் யோசனை வந்தது. சேலையில் பூ விழுவதற்குத் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி வைத்திருப்பார்கள். எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை ஓட்டை குத்திய அட்டைகள் அதற்குச் சொல்லும். அட்டையின் இரு ஓரத்திலும் முளையில் மாட்டப் பெரிய ஓட்டை இருக்கும். என் பெக்குக்கு வேண்டியதும் அதுதானே.

வேலுச்சாமி அண்ணன் தாளைத் தடவிப் பார்த்தார். "இம்புட்டு மெல்லிசா இருந்தா கிழிஞ்சு போகும் தம்பி. அடியில அட்டைத் துண்டு ஒட்டிட்டு வா, குத்தித் தாரேன்."

ஒட்டினேன், குத்தினார். அதே அளவுக்கு முளை வைத்த பலகை ஒன்றை ஆசாரியிடம் செய்துகொண்டேன். லீவு முழுக்க அதில் மாட்டித்தான் வரைந்தேன். அய்யா ஒருநாள் பின்னால் நின்று பார்த்தார்.

"ஏப்பா, ஒரே மாலையவே எத்தன தாளுல வரைவ?"

"நடக்க வைக்கணும்ல அய்யா."

"மாலை எதுக்குப்பா நடக்கணும்? மாலை போட்டவுகதான நடப்பாக?"

"மாலை போனாப் போதும், பின்னாலயே அவுக வந்துருவாக" என்றேன். அய்யா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி போனார்.

கிளம்புகிற நாளன்று பார்த்தால் சில அட்டைத் துண்டுகள் பெயர்ந்திருந்தன. வரைந்த தாள் எல்லாவற்றையும் அண்ணனிடமே கொடுத்தேன். "பெயந்தத ஒட்டி, நம்பர்படி வரிசையா வச்சுருங்கண்ணே. சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது வாங்கிக்கிறேன்."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ ஊருக்குப் போயி சொல்லிட்டு வா."

சாயங்காலம் சாக்கில் சுற்றி இறுக்கிக் கட்டிய பொட்டலம் தயாராக இருந்தது. பிரித்துப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

தறிக்காரருக்கு அட்டையை வரிசையாக வைப்பது என்றால் ஓரத்தில் தனியாகக் குத்திய சின்ன ஓட்டை வழியே நூல் விட்டுக் கோர்த்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு முடிந்துவிடுவது. அப்போதுதான் தறியில் அது சுற்றிச் சுற்றி வரும், பூ மேல் பூவாக விழும். அண்ணன் என் வேலையைத் தன் வேலையாகவே நினைத்துப் பழுதில்லாமல் செய்திருந்தார்.

3. முனுசாமி பார்த்தது

பொட்டலத்தைப் பிரித்த அந்தக் காலை, நூலை வெட்டக் கத்தரியை எடுத்தேன். கோபால் தடுத்தான்.

"வெட்டி, எடுத்து, மறுபடி அடுக்கறதுக்கே பாதி நாள் போயிடும். நூல் தளர்வாத்தானே இருக்கு? தறியில ஓடற மாதிரியே ஓட்டிப் பாப்போம்டா."

முடிச்சைத் தொடாமல் பலகையைக் காமிரா மேஜையில் பொருத்தினோம். முதல் தாளை முளையில் மாட்டினேன், கோபால் பட்டனை அமுக்கினான். எடுத்த தாளை இடப்பக்கம் இழுத்தால் அடுத்தது தானாகக் கைக்கு வந்தது. தேட வேண்டாம், நம்பர் பார்க்க வேண்டாம். மதியத்துக்குள் ஓணான் தலையை ஆட்டிவிட்டது. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மாட்டு, அமுக்கு, இழு என்று கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டோக்கன் வாங்கிய தண்ணீரும் சொட்டுச் சொட்டாக வந்து சேர்ந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த முனுசாமி எழுந்து வந்தார்.

"இன்னா சார், தண்ணி வந்துகினே கீது, மறுபடியும் ஜீப்பு வருது?"

குனிந்து பார்த்தேன். முளையில் இருந்தது மூன்றாவது தாளோ நாலாவதோ அல்ல, அதையெல்லாம் தாண்டிப் போயிருந்தோம். புழுதி கிளப்பி ஜீப் முழுதாக வந்து நின்று, மாலையின் கால் ஒன்று தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கடைசித் தாளோடு முடிந்திருந்த முதல் தாள் எப்போது கைக்கு வந்தது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"ஏலே, போச்சுலே!" என்று கத்திவிட்டேன்.

கோபால் நிதானமாக இருந்தான். "எடிட்டிங்குல அந்தத் துண்ட வெட்டிப் போட்டா முடிஞ்சது. 'சுபம்' கார்டை வை."

வைத்தோம், எடுத்தோம். ஃபிலிம் லேபுக்குப் போனது.

கழுவி வந்ததும் இருவரும் எடிட்டிங் மேஜையில் ஓட்டிப் பார்த்தோம். குழாயில் தண்ணீர் வருகிறது, சனங்கள் குடத்தைத் தூக்குகிறார்கள், சட்டென்று மறுபடி வறண்ட குழாய், ரிப்பன், புழுதி, ஜீப், ஒற்றைக் கால், சுபம். கோபால் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் வெட்டும் கருவி. வெட்டினால் சார் கேட்ட படம், வேலை, அய்யாவின் டீக்கடை. வெட்டாவிட்டால் நான் முதலில் நினைத்த கேலி.

"உன் படம்டா, நீதான் சொல்லணும்" என்றான் கோபால்.

கருவியைக் கீழே வைத்தேன். அதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கால் இறங்குவது அவ்வளவு அழகாக இருந்தது.

4. திரையிட்ட நாள்

முன்வரிசையில் சாரும், வெளியிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகளும். நான் கடைசி வரிசையில், கதவோரம். ஓணானுக்கு மாணவர்கள் சிரித்தார்கள். தண்ணீர் வந்ததும் சார் தலையசைத்தார். ஜீப் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. கால் இறங்கியது. சுபம். விளக்கைப் போட்டார்கள்.

அதிகாரிகளில் வயதானவர் திரும்பினார். "யாருப்பா இது? எந்த ஊர் நீ?"

"எம்.ரெட்டியபட்டி. திருச்சுழிப் பக்கம் சார்."

"உனக்கு யாரு சொன்னா? ஒரே பம்பை ரெண்டு தடவை திறந்து வச்ச ஆளு நான்தான்யா. ரெண்டாவது தடவை அந்த ரிப்பனுக்கு நான் பட்ட பாடு!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு அறையே சிரித்தது.

வெளியே வந்து சாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "தண்ணி வரணும்னேன், வந்துச்சு. அப்புறம் ஜீப் வரக்கூடாதுன்னு நான் சொன்னேனா?" கையெழுத்துப் போட்டார்.

வேலை கிடைத்தது. அய்யா அதே கடையில்தான் டீ குடிக்கிறார். நான் கற்றுக்கொண்டது இதுதான், தம்பிகளே. அடுத்த தொழில்காரரிடம் ஒரு வேலையைக் கொடுக்கும்போது என்ன வேண்டும் என்பதோடு, எது வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். அப்படியும் அவர் தன் வழக்கப்படி செய்துவிட்டால், கத்தரியை எடுக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த லீவில் வேலுச்சாமி அண்ணனைப் பார்த்து நடந்ததைச் சொல்லப் போனேன். நான் வாய் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார்.

"வா தம்பி. குத்துன கூலி குடுத்துட்ட. கோத்த கூலி?"

"கோக்கச் சொல்லவே இல்லையேண்ணே."

"கோக்காம எவனாச்சும் அட்டை குடுப்பானா?"

கொடுத்துவிட்டேன். கோபாலும் பாதியைப் பிறகு அனுப்பி வைத்தான். எங்கள் படத்தின் முடிவுக்கு ஆன மொத்தச் செலவு, நூலோடு சேர்த்து, ஏழரை ரூபாய்.